கோமடேஸ்வரரின் காலடியில் தமிழ் எழுத்து இருக்கிறது, தெரியுமா?

பாகுபலி என்றதும் மகிழ்மதியும் அருவியும் பிரபாஸும்தானே நினைவுக்கு வருகிறார்கள்? அந்தப் பெயரின் அசல் சொந்தக்காரர், கோமடேஸ்வரர் என்றும் அழைக்கப்படுபவர், கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஒரு மலை உச்சியில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறார். வாள் இல்லை, கிரீடம் இல்லை, உடம்பில் ஒரு நூலிழைகூட இல்லை. உயரம் 57 அடி. ஒரே கல்!

ஊரின் பெயர் சிரவணபெளகொளா. பெரிய மலை விந்தியகிரி, எதிரே இருக்கும் சின்ன மலை சந்திரகிரி. ஊர்க்காரர்கள் அவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. அவர்களுக்கு இது தொட்ட பெட்ட, அது சிக்க பெட்ட. நடுவில் ஊர், ஊருக்கு நடுவில் ஒரு கல்யாணிக் குளம். பார்த்தால் இரண்டு மொட்டைப் பாறைகள்தான். ஆனால் அந்தப் பாறைகள் மேல் மனிதர்கள் செய்துவைத்திருக்கும் வேலை இருக்கிறதே!

முதலில் சிலையையே எடுத்துக்கொள்வோம். பாதம் மட்டும் சுமார் 9 அடி நீளம். தோளின் அகலம் 26 அடி. நடுவிரல் 5 அடிக்குச் சற்றுக் கூடுதல், அதாவது நம் வீட்டுப் பெண்கள் பலரின் உயரம். கல்லை எங்கிருந்தோ வெட்டி மேலே ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? உச்சியில் நின்ற பாறையையே அங்கேயே வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. உளி ஓர் இடத்தில் தவறியிருந்தாலும் வேறு கல் கிடையாது, வேறு மலைக்குத்தான் போக வேண்டும்!

இன்னொன்று. தொடை வரைக்கும்தான் சிலைக்குப் பின்னால் கல்லின் பிடிப்பு. அதற்கு மேலே முதுகுக்கும் தலைக்கும் தாங்கலாக எதுவுமே கிடையாது. வெட்டவெளியில், காற்றிலும் மழையிலும் மின்னலிலும், வடக்கு பார்த்து, தனியாக. கீழே காலைச் சுற்றிப் புற்று, புற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் பாம்புகள், தொடையைச் சுற்றிக் கையில் ஏறும் மாதவிக் கொடி. அலங்காரத்துக்காக இழைத்த கொடி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கதை தெரிந்தால் அப்படித் தோன்றாது.

சமணத்தின் முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவரின் மக்கள் பரதனும் பாகுபலியும். அண்ணன் பரதன் உலகையே வளைத்துவிட்டான், தம்பி மட்டும் பணியவில்லை. இருபக்கமும் படை திரண்டது. அமைச்சர்கள் குறுக்கே புகுந்தார்கள். அண்ணன் தம்பி சண்டைக்கு ஆயிரக்கணக்கானோர் ஏன் சாக வேண்டும், நீங்கள் இருவர் மட்டும் மோதிக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்று போட்டிகள்: இமைக்காமல் பார்ப்பது, தண்ணீரை வாரி இறைப்பது, மற்போர். மூன்றிலும் தம்பிக்கே வெற்றி! தோற்ற ஆத்திரத்தில் பரதன் சக்கரத்தை ஏவ, அது பாகுபலியைத் தொடாமல் சுற்றி வந்து நின்றுவிட்டது. மற்போரில் அண்ணனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்ட தம்பி, அடித்துப் போட்டிருக்கலாம். இறக்கி விட்டான். நாட்டையும் அவனிடமே விட்டான். காட்டுக்குப் போய் நின்றான். ஓராண்டு அசையாமல் நின்றதில் புற்று வளர்ந்தது, கொடி ஏறியது. ஜெயித்தவன் எல்லாவற்றையும் தோற்றவனிடம் கொடுத்துவிட்டுப் போன கதை இது.

தோற்ற அண்ணன் எங்கே என்கிறீர்களா? எதிர் மலையில்! சந்திரகிரியில் பரதனின் சிலை என்று காட்டப்படுவது சுமார் 9 அடி உயரம், முழங்காலுக்குக் கீழே இல்லை, வேலையும் முடியவில்லை. தம்பிக்கு 57 அடி, அண்ணனுக்கு அரைகுறை. சிற்பிகள் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் இதைவிடக் கச்சிதமாகத் தீர்ப்பு எழுத முடியாது.

சரி, தலைப்புக்கு வருவோம். இந்தச் சிலையைச் செய்வித்தவர் சாமுண்டராயர். கங்க மன்னன் நான்காம் ராச்சமல்லனின் அமைச்சர், படைத்தலைவர், போதாதற்கு எழுத்தாளர். சிலையின் காலருகே இருபுறமும் உள்ள கற்களில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. கன்னடத்தில் ஒன்று. நாகரி எழுத்தில் மராத்தி ஒன்று. மராத்தி மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றாக மராத்தியர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். மூன்றாவது நம் தமிழ்! கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்த ஒரே வரி: ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்.’ அவ்வளவுதான். மெய்க்கீர்த்தி இல்லை, வம்சாவளி இல்லை. கன்னட நாட்டு மலை உச்சியில், கன்னட அமைச்சர் செய்த சிலைக்குத் தமிழில் ஏன் எழுத வேண்டும்? படித்துப் பார்க்கத் தமிழர்கள் அத்தனை பேர் மலையேறி வந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதே காலடியில் இன்னொரு பெயரும் உண்டு: கங்கராஜன். ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி. சிலையைச் சுற்றியிருக்கும் சுற்றாலையை எழுப்பியவன் நான்தான் என்று கன்னடத்திலும் மராத்தியிலும் எழுதிவைத்திருக்கிறான். இந்தக் கங்கராஜன் யார் தெரியுமா? ராஜராஜ சோழன் காலத்தில் பிடிபட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் சோழர் கையில் இருந்த தலைக்காட்டை, சுமார் 1116-இல் சோழரின் சாமந்தன் அதியமானிடமிருந்து மீட்டவன்! என்ன பரிசு வேண்டும் கேள் என்றானாம் மன்னன். கங்கராஜன் கோவிந்தவாடி என்ற ஊரைக் கேட்டு வாங்கி, அப்படியே கோமடேஸ்வரருக்கு எழுதிவைத்துவிட்டான். தமிழ்ப் படையை விரட்டிய தளபதியின் பெயரும் தமிழ் வரியும் ஒரே காலடியில் பக்கம் பக்கமாக இருக்கின்றன, எந்தச் சச்சரவும் இல்லாமல்.

காலடியை விட்டு நகர்வதற்கு முன் இடது பாதத்தின் அருகே குனிந்து பார்க்க வேண்டும். கல்லில் ஓர் அளவுகோல் கீறியிருக்கிறது. நீளம் சுமார் 3 அடி 4 அங்குலம், இரண்டு சமபாகம், நடுவே பூ மாதிரி ஒரு குறி. வேலை நடந்த காலத்துக் கோலோ என்று கேட்கத் தோன்றுகிறது. எல்லாரும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பதால் இந்தக் கோலைக் கவனிப்பவர்கள் குறைவு.

சிலை எந்த ஆண்டு வந்தது? 981 என்றுதான் எல்லா இடத்திலும் படிக்கிறோம். ஆனால் காலடிக் கல்வெட்டுகளில் ஆண்டு கிடையாது! சாமுண்டராயர் 978-இல் கன்னட உரைநடையில் ஒரு புராணம் எழுதினார், கன்னடத்தின் மிகப் பழைய உரைநடை நூல்களில் அது ஒன்று. அதில் சிலையைப் பற்றி மூச்சே இல்லை. இத்தனை பெரிய காரியம் செய்தவர் அதைச் சொல்லாமல் விடுவாரா? ஆகவே சிலை அதற்குப் பிறகுதான் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். இவ்வளவு சுற்றி வளைத்துக் கணக்குப் போட வேண்டிய அவசியமே வந்திருக்காது, ஹெக்கடே கண்ணன் என்ற ஒரு மனிதர் மட்டும் சும்மா இருந்திருந்தால்!

கதை இதுதான். விந்தியகிரியில் ஏறும் வழியில் தியாகத பிரம்மதேவர் தூண் என்று ஒன்று, கொடி வேலைப்பாட்டில் கண்ணைப் பறிக்கும். அடியில் கைக்குட்டையை நுழைத்து மறுபக்கம் எடுக்கலாம் என்று வருகிறவர்களிடம் காட்டுவார்கள். உண்மையான அதிசயம் அடியில் இல்லை, பக்கங்களில் இருக்கிறது. சாமுண்டராயர் தன் கதையை அந்தத் தூணின் நான்கு பக்கமும் விரிவாகப் பொறித்துவைத்திருந்தார். சுமார் 1200-ஆம் ஆண்டில் வந்த ஹெக்கடே கண்ணன், தூண் மேல் ஒரு யட்சன் உருவத்தை வைத்தார். வைத்தவர் அதை எழுதிவைக்க வேண்டாமா? இடம் வேண்டுமே! பழைய கல்வெட்டின் ஏறக்குறைய மூன்று பக்கத்தைச் செதுக்கி எறிந்துவிட்டுத் தன் சின்னஞ்சிறு வாசகத்தை வெட்டிவைத்தார். சிலை எப்போது, எப்படி வந்தது என்பதெல்லாம் அந்த மூன்று பக்கத்தில் இருந்திருக்கக்கூடும். போயிற்று! நாட்டையே வேண்டாம் என்று விட்டவரின் வாசலில் பெயருக்கு இவ்வளவு அடிதடி.

பெயர் ஆசையை ஊர் மறக்கவில்லை, அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறது. சிலை முடிந்தது, சாமுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார். என்ன ஊற்றியும் பால் தொப்புளுக்குக் கீழே இறங்கவில்லையாம்! அப்போது ஒரு கிழவி, கத்தரிக்காய் போன்ற சின்னக் காயைக் குடைந்து, அந்த ஓட்டில் கொஞ்சம் பாலோடு வந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஊற்றிய பால் பாதம் வரை ஓடி, மலையையும் நனைத்துக்கொண்டு இறங்கியதாம். குள்ளெகாயஜ்ஜி என்று அந்த அஜ்ஜிக்கு அங்கேயே சிலை உண்டு, கோமடேஸ்வரருக்கு நேர் எதிரே, கையில் காயோடு. நாடாண்ட பல மன்னர்களுக்குக் கிடைக்காத இடம்.

இப்போது சின்ன மலைக்கு வாருங்கள். அவசரமாக வருபவர்கள் இதை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வரலாற்றுக் கனம் இங்கேதான் அதிகம். சந்திரகிரி என்ற பெயரில் இருக்கும் சந்திரன் யார்? சந்திரகுப்த மௌரியன்! பள்ளிப் பாடத்தில் நந்தரை வீழ்த்தி, செலூகஸிடம் 500 யானை கொடுத்து எல்லை வாங்கிய அதே சந்திரகுப்தன். வடக்கே 12 ஆண்டுப் பஞ்சம் வரும் என்று பத்ரபாகு முனிவர் முன்கூட்டியே சொன்னாராம். சமணச் சங்கம் தெற்கே கிளம்பியது. அரியணையைத் துறந்து பேரரசனும் கூடவே நடந்தான். இந்த மலையில்தான் குருவுக்குப் பணிவிடை செய்தான், இங்கேயே உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டான் என்பது சமண மரபு. இதைச் சொல்லும் கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 600-ஐ ஒட்டியது. மௌரியன் இறந்து ஏறக்குறைய 900 ஆண்டு கழித்து! அதிலும் இருக்கும் பெயர் பிரபாசந்திரர். துறவியான பின் சந்திரகுப்தனுக்கு அந்தப் பெயர் என்கிறது மரபு, எல்லா வரலாற்றாசிரியர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாதவர்களும் சந்திரகுப்த பசதியின் (பசதி என்றால் அங்கே சமணக் கோயில்) கல் சாளரங்களைப் பார்த்தால் சற்று நேரம் வாதத்தை மறந்துவிடுவார்கள். சிறுசிறு கட்டங்களாக, கல்லைத் துளைத்து, பத்ரபாகு சந்திரகுப்தன் கதையை முழுவதுமாகச் சொல்லும் 90 காட்சிகள்! 12-ஆம் நூற்றாண்டில் தாசோஜன் என்ற சிற்பி செய்தது, அவர் பெயரும் கல்லில் இருக்கிறது. படக்கதைப் புத்தகம் நமக்குப் புதிது, கருங்கல்லுக்குப் பழசு.

அந்தப் பஞ்சக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. தெற்கே வந்த கூட்டத்தில் ஒரு பகுதி விசாகர் தலைமையில் சோழ, பாண்டிய நாடுகளுக்குப் போனதாகவும் மரபு சொல்கிறது. வந்தார்களோ இல்லையோ, பாகுபலி வந்துவிட்டார். கழுகுமலையில் அவர் இருக்கிறார், மதுரைச் சமணமலைப் பேச்சிப்பள்ளத்திலும் இருக்கிறார். கழுகுமலையில் கொடி சுற்றிய பாகுபலியின் இருபக்கமும் சகோதரிகள் பிராமியும் சுந்தரியும். அந்தப் புடைப்புச் சிற்பங்களின் காலம் 8, 9-ஆம் நூற்றாண்டு. கணக்குப் போடுங்கள், சிரவணபெளகொளாப் பெரியவர் எழுந்து நிற்பதற்கு நூறு ஆண்டாவது முன்பே தென்பாண்டி நாட்டில் பாகுபலி நின்றுவிட்டார்! உயரத்தில்தான் நாம் தோற்றோம்.

சந்திரகிரியில் நடக்கும்போது காலடியைப் பார்த்து நடக்க வேண்டும், ஏனென்றால் தரைப் பாறை முழுக்க எழுத்து. இன்று பலவற்றுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டவர்களின் நினைவுக் குறிப்புகள். நம் சங்க காலத்து வடக்கிருத்தலை நினைவுபடுத்தும் சல்லேகனை நோன்பு. துறவிகள் மட்டுமா? இல்லை. இராட்டிரகூடர்களின் கடைசி வாரிசு நான்காம் இந்திரன், 982-இல் இங்கேதான் நோன்பிருந்து இறந்தான். அவனுக்கான கல்வெட்டு வீரத்தைப் பாடும், ஈகையைப் பாடும் என்று எதிர்பார்ப்போம். அது மூச்சு விடாமல் புகழ்வது எதைத் தெரியுமா? குதிரை மேல் ஏறி அவன் பந்தாடிய திறமையை! இன்றைய போலோ மாதிரி ஓர் ஆட்டம். பேரரசு கையைவிட்டுப் போன பிறகும் ஆட்டக்காரன் என்ற பெயர் கல்லில் தங்கிவிட்டது.

இந்திரனின் அந்தக் கல்வெட்டு உள்ள தூண் நிற்பது ஒரு பசதியின் முன்னால். விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலை 1123-இல் கட்டியது. பெயர் சவதிகந்தவாரண பசதி. சவதி என்றால் சக்களத்தி. ‘சக்களத்திகளுக்கு மதயானை’ என்பது அரசியின் விருதுப் பெயர், அதையே கோயிலுக்கும் வைத்துவிட்டார்கள்! எல்லாம் துறந்த தீர்த்தங்கரர் சாந்திநாதர் உள்ளே இருக்கிறார், வெளியே பெயர்ப்பலகை இப்படி. இந்த வீட்டுக் கதை இன்னும் சுவாரசியம்: சாந்தலையின் அப்பா சைவர், அம்மா மாச்சிகப்பை சமணர், கணவன் ராமானுசரால் வைணவன் ஆனவன் என்று மரபு. மகள் இறந்த துக்கத்தில் அந்த அம்மா இங்கே வந்து ஒரு மாதம் நோன்பிருந்து உயிரைவிட்டார்.

ராமானுசர் பெயர் வந்துவிட்டதால் ஊருக்குள் இறங்கிவிடலாம். அங்கே பண்டாரி பசதி, ஒய்சளப் பண்டாரி ஹுள்ளன் 1159-இல் எழுப்பியது, 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக. அதில் 1368-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. என் கணக்கில் இந்த ஊரின் பெரிய அதிசயம் இதுதான், சிலையைவிடவும்.

சமணர்களுக்கும் வைணவர்களுக்கும் தகராறு. வைணவர்கள் அநியாயம் செய்கிறார்கள் என்று சமணர்கள் விஜயநகர மன்னன் புக்கராயனிடம் முறையிட்டார்கள். புக்கராயன் எண்ணிக்கையில் பெரிய பக்கத்தைக் கூப்பிட்டான். யாரை எல்லாம்? கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம். ஸ்ரீரங்கம், திருப்பதி, காஞ்சி, மேல்கோட்டை ஆசாரியர்கள் எல்லாரையும்! அவர்கள் முன்னிலையில் சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்கள் கையில் வைத்தான். இரண்டு தரிசனத்துக்கும் வேற்றுமை இல்லை, சமணர்களின் மேளமும் கலசமும் முன்போலவே நடக்கட்டும், அவர்களுக்கு வரும் கேட்டை வைணவர்கள் தங்களுக்கு வந்த கேடாக நினைக்க வேண்டும் என்று தீர்ப்பு.

தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கலைந்துபோகவில்லை, நிர்வாகமும் செய்தார்கள். சமண வீடு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு பணம் தர வேண்டும். அதை வசூலித்து, பெளகொளாத் தேவருக்கு 20 காவலர்களை வைக்க வேண்டும். மிச்சத்தில் பாழடைந்த சமணக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வசூல் பொறுப்பு யாருக்கு? திருமலைத் தாத்தய்யா என்ற வைணவருக்கு! சமணக் கடவுளுக்கு வைணவர் காவல் வைக்கிறார், சமணக் கோயிலில் நிற்கும் அந்தக் கல்வெட்டு ராமானுசரைப் போற்றித் தொடங்குகிறது. நம்ப முடிகிறதா?

இப்படி எத்தனை கல்வெட்டுகள் என்று எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போகிறது. 1889-இல் லூயிஸ் ரைஸ் பதிப்பித்தபோது 144. 1923-இல் நரசிம்மாசாரியார் 500-இல் கொண்டுவந்து நிறுத்தினார். 1973 பதிப்பில் 573. மலை அதேதான், பார்த்த கண்கள்தான் கூடின.

கடைசியாக மகாமஸ்தகாபிஷேகம். 1008 கலசம், சிலைக்குப் பின்னால் சாரம் கட்டி மேலே ஏறி, தண்ணீர், இளநீர், கரும்புச்சாறு, பால், அரிசிமாவு, மஞ்சள், சந்தனம் என்று தலையில் ஊற்ற ஊற்றச் சிலை வெள்ளையாகி, மஞ்சளாகி, சிவப்பாகி நிறம் மாறுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1981-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி ஹெலிகாப்டரில் வந்து மேலிருந்து பூத் தூவினார். 1398-ஆம் ஆண்டுக் கல்வெட்டே ஒருவர் ஏழு முறை இதை நடத்தியதாகச் சொல்கிறது, அப்படியென்றால் வழக்கம் எவ்வளவு பழசு பாருங்கள்!

12 ஆண்டுக்கு ஒருமுறை என்று எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: 1910, 1925, 1940, 1953, 1967, 1981, 1993, 2006, 2018. இதில் சரியாக 12 வந்தது இரண்டே தடவை! மற்றதெல்லாம் 13, 14, 15. ஆகவே அடுத்தது 2030 என்று இப்போதே அறை பதிவு செய்ய ஓடாதீர்கள், அங்குள்ள சமண மடத்தின் அறிவிப்பு வரட்டும். சும்மா போய்ப் பார்க்க அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பெங்களூருவிலிருந்து ஹாசன் போகும் ரயில் பாதையில் சிரவணபெளகொளாவுக்கே நிலையம் இருக்கிறது. பாறையிலேயே வெட்டிய படிகள் சுமார் 650, செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். நிழல் கிடையாது, பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். வயதானவர்களுக்கு டோலி உண்டு. காலையில் பெரிய மலையை முடித்துவிட்டு ‘போதும், கால் வலிக்கிறது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சின்ன மலைக்குப் படி குறைவு, 90 காட்சிச் சாளரம் அங்கேதான் இருக்கிறது.